கடலில் வரப்பிட்டு மட்டி விளைவித்த முறை

சரிவான புன்செய் நிலத்தில் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு போகாதபடி குறுக்கே கல்வரப்பிட்டுச் சமப்படுத்துவது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. இதே வேலையைக் கடலோரத்தில் செய்து மட்டி விளைவித்தவர்கள், கனடா தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஆதிக்குடிகள்.

அக்கரை பெரும்பாலும் பாறை. கடலேற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளிப்படும் பாறைகளுக்கிடையே மணலும் சரளையும் தங்கிய துறைகளில் மட்டி மண்ணுக்குள் புதைந்து வாழ்கிறது. அங்கும் அது எவ்விடத்திலும் ஒரே விதமாய்ப் பெருகுவதில்லை. மட்டி தன் மேல் நீர் நிற்கும்போது மாத்திரமே அந்நீரை வடிகட்டி இரை கொள்ளும். ஆகையால் கரையின் மேற்புறத்திலுள்ளது வெகுநேரம் இரையின்றிச் சிறுத்துப்போகிறது. மிகத் தாழ்ந்த இடத்திலோ நட்சத்திர மீன் முதலிய பகைகள் உண்டு. இடையிலுள்ள குறுகிய பட்டையே அதற்கு ஏற்றது. கரை செங்குத்தாயிருப்பின் அப்பட்டை இன்னும் ஒடுங்கிவிடும்.

இதனை அகலமாக்கும் பொருட்டே, நீர் மிகவும் வற்றும் நாட்களில் கற்களை உருட்டிக் கொணர்ந்து நீரோரத்தில் வரப்பாக அடுக்கினார்கள். மணலும் ஓட்டுத் துண்டுகளும் உட்புறம் தங்கி, நாளடைவில் சரிவு குறைந்து, மட்டிக்கேற்ற மட்டத்தில் பரந்த பாத்தி உண்டாயிற்று. மட்டியைத் தோண்டி எடுக்கும்போதெல்லாம் மண் கிளறப்பட்டு இறுக்கம் நீங்கிற்று. நாம் களைக்கொத்தால் செய்வதை அங்கே அறுவடையே செய்துவிட்டது!

1995இல் ஜான் ஹார்ப்பர் என்னும் நில ஆராய்ச்சியாளர் ஆகாய மார்க்கமாய்க் கரையைப் பார்வையிட்டபோது இவ்வரப்புகளைக் கண்டார். அவை மனிதர் கட்டியவையே என்பதைக் க்வாக்வாக்கவாக்கு இனத்துத் தலைவர் ஆடம் டிக் விளக்கினார். கேட்டறிய வேண்டியவர் ஊரிலேயே இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. குவாட்ரா தீவிலுள்ள சில வரப்புகள் குறைந்தது 3,500 ஆண்டுப் பழமையுடையவை.

விளைச்சல் விஷயத்தில் 2014இல் வெளியான ஆராய்ச்சி திட்டமானது. வரப்பில்லாத துறையைக் காட்டிலும் வரப்பிட்ட துறையில் 'வெண்ணெய் மட்டி' நான்கு மடங்கும், 'சிறுகழுத்து மட்டி' இரு மடங்குக்கு மேலும் இருந்தன. பெயர்த்து வைத்த சிறுகழுத்து மட்டிக் குஞ்சுகள் 1.7 மடங்கு விரைவாக வளர்ந்தன.

மட்டியின் ஓட்டில் வளர்ச்சியைக் காட்டும் வரைகள் உண்டு. அவற்றைக் கொண்டு 11,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வளர்ச்சியைக் கணித்து 2019இல் வெளியிட்டனர். ஜனங்கள் இடைவிடாது தோண்டித் தின்ற காலத்தில் மட்டியின் வளர்ச்சி குன்றவில்லை. ஐரோப்பியர் வந்த பிற்பாடே குன்றிற்று. இதற்குக் காரணம் இரண்டு: ஆதிக்குடிகளின் பராமரிப்பு நின்றது, மலையில் மரம் வெட்டியதால் நுண்வண்டல் இறங்கிப் பாத்திகளை அடைத்தது. நமது ஏரிகளைத் தூர்க்கும் வண்டலுக்கும் மூலகாரணம் மேட்டுநிலத்தில்தான் இருக்கிறது என்பதைக் கிராம அதிகாரிகள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2014 முதல் வளைகுடாத் தீவுகளின் தேசீயப் பூங்காவில் ஆதிக்குடிகளும் சர்க்காரும் சேர்ந்து பழைய வரப்புகளைச் செப்பனிட்டு வருகிறார்கள். 2022இல் அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் ஸ்வினோமிஷ் இனத்தார் கையோடு கை கல் மாற்றிப் புதிதாகவே ஒரு வரப்பு அடுக்கினார்கள்.