மனநோய் கூடிவிட்டதா? ஆஸ்பத்திரிக் கணக்கை விளங்கிக்கொள்வோம்

“சண்டைக்குப் பிறகு எங்கடை சனத்துக்கு விசர் கூடிப்போச்சு” என்று வன்னியில் பலர் சொல்லக் கேட்கிறோம். ஆஸ்பத்திரிக்கு வரும் மனச்சிதைவு நோயாளரின் தொகையைச் சிலர் அதற்குச் சான்றாகக் காட்டுவர். அந்தத் தொகை எதைச் சொல்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

இல்லாத குரல் காதில் கேட்பது, பிறர் தனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது, எல்லோரையும் விட்டு ஒதுங்குவது என்பன மனச்சிதைவின் குறிகள். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

சந்தைக்கு வந்த நெல் மூடைகளை மட்டும் எண்ணி வயலின் விளைச்சலைச் சொல்லிவிட முடியாது. பாதை திறந்திருந்ததா என்றும் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கணக்கும் அப்படியே. வைத்தியர் தூரத்தில் இருக்கும்போது, வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாதவரை மட்டும் கொண்டுபோவோம். கிளினிக் கிட்ட வந்ததும் மனச்சோர்வு, நித்திரையின்மை, குடிப்பழக்கம் உள்ளவர்களும் வருவர். ஓர் உதாரணம்: முன்பு வந்த 20 பேரில் 12 பேருக்கும், பின்பு வந்த 100 பேரில் 25 பேருக்கும் மனச்சிதைவு என்று வைப்போம். தொகை இரு மடங்கைத் தாண்டிவிட்டது. வீதமோ 60 இலிருந்து 25 ஆக இறங்கிவிட்டது. ஊரில் நோய் மாறாமலே இருந்தாலும் கணக்கு இப்படி மாறலாம்.

அப்படியானால் போர் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. போர் நடந்த இடங்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு உளப் பாதிப்பு உண்டு என்று 2019இல் அதே நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பகுதி மனச்சோர்வு, பதகளிப்பு, நெருக்கீடு என்பனவே. மனச்சிதைவு சிறு பகுதி. ஆனால் அந்நோய் உள்ளவருக்கு இடப்பெயர்வு பெரிய அடி. கிளினிக் கொப்பி தொலைகிறது, குளிசை நிற்கிறது, அடங்கியிருந்த நோய் திரும்புகிறது.

ஆகவே மூன்று விடயங்களை மறவாதிருப்போம். சுகமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. குளிசை விழுங்க மறுப்பவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு, வைத்தியரிடம் கேட்போம். எவரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. 2001 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடித்தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர்.

கிளினிக்கில் தொகை கூடுவதைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டின் பின்னறையில் மறைந்திருந்தவர்கள் இப்போது வைத்தியரிடம் வருகிறார்கள் என்பதும் அதன் பொருளாயிருக்கலாம்.