உங்களுக்குத் தெரியுமா? தொட்டி மாறும் கடல்மீன்கள்!

மீனைச் சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றுவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மேலே படியுங்கள், அசந்துபோவீர்கள்!

சிகாகோவில் கடல் கிடையாது. ஆனால் அங்குள்ள ஷெட் அக்வேரியத்துக்குக் கடல்மீன் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? 1930-இல் கடலையே ரயிலேற்றினார்கள்! ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து 20 டேங்கர் வேகன்கள், எட்டு நடை. வந்து சேர்ந்த கடல்நீர் சுமார் 38 லட்சம் லிட்டர்!

ரயில் என்ன ரயில், விமானமே ஏறியிருக்கிறது சுறா! 2005-இல் ரால்ஃப், நார்ட்டன் என்ற இரண்டு திமிங்கலச் சுறாக்கள் தைவானிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டாவுக்குச் சரக்கு விமானத்தில் பறந்தன. தூரம் ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். போய் இறங்கிய தொட்டி? 2 கோடி லிட்டருக்கும் மேல்!

வெள்ளைச் சுறா கதை இன்னும் ஜோர். 2004-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியம் ஒரு குட்டிச் சுறாவை நேராகத் தொட்டிக்குக் கொண்டுவரவில்லை. முதலில் கடலுக்குள்ளேயே பிரம்மாண்டமான வலைக்கூண்டு. அதில் பழகிய பிறகுதான் லாரிப் பயணம். அதற்கு முன் எந்த அக்வேரியத்திலும் வெள்ளைச் சுறா 16 நாளைத் தாண்டியதில்லை. இது இருந்ததோ 198 நாள்! கூட இருந்த சுறாக்களையே கடித்துக் கொன்றது. போதும் தாயே என்று கடலிலேயே விட்டுவிட்டார்கள்!

வீட்டுத் தொட்டிக்கு வருவோம். கடல்மீன் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, தெரியுமா? நன்னீர் மீனோ அநேகமாகக் குடிப்பதே இல்லை! குடித்த உப்பைக் கடல்மீன் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. புதுத் தொட்டியில் உப்பு திடீரென்று ஏறினால் அதன் பாடு திண்டாட்டம். கடலின் கணக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம்!

இதோ, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த தகவல். வெகுதூரம் பையில் வந்த மீனுக்கு எப்போது ஆபத்து? பையைத் திறக்கும்போது! மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு பைக்குள் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அதனால் கழிவிலுள்ள அம்மோனியா பெரிய கெடுதல் செய்யாமல் அடங்கிக் கிடக்கிறது. பையைப் பிரித்தீர்களா, வாயு வெளியே போகும், அமிலத்தன்மை குறைந்து பிஎச் ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். பிஎச் 7-இலிருந்து 8 ஆனால் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு! அந்தத் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது மீனுக்குச் செய்யும் உபகாரமே அல்ல. கட்டிய பையை அப்படியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். உப்பளவு ஒத்துப்போனால் மீனை மட்டும் சட்டென்று மாற்றுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு!

பழைய தண்ணீரை ஊற்றினால் புதுத் தொட்டி தயார் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! மீன் கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, கல்லிலும் ஃபில்டரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா குடியிருக்கும் அந்தக் கல்லை, அதாவது லைவ் ராக்கைக் காயவிடாமல் மாற்றுங்கள். எல்லாமே புதிது என்றால் தொட்டி பழகவே 4 முதல் 6 வாரம்!

பழைய மணலைக் கிளறாதீர்கள். அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பதுங்கியிருக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான்!

சினிமாவில் பார்த்த டோரி மீன் வாலடியில் கத்தி வைத்திருக்கிறது, தெரியுமா? நிஜக் கத்திபோலக் கூரான முள்! வலை போட்டால் அதில் சிக்கிக்கொள்ளும், உங்கள் கையையும் கிழிக்கும். டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

பேத்தை மீனை வெளியே தூக்கவே கூடாது. பயத்தில் காற்றை விழுங்கி உப்பிவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமலே செத்தும் போகலாம்!

500 லிட்டர் தொட்டியில் நிரம்பும் கடல்நீரின் எடை மட்டும் 512 கிலோ! நிரப்பிய பிறகு நகர்த்தலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள்.

தொட்டியின் ரவுடி யார் என்று தெரியுமல்லவா? அவரைக் கடைசியாக விடுங்கள். முதலில் போனால் முழு இடத்துக்கும் பட்டா போட்டுவிடுவார்!

மாற்றுவதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள், வழியில் தண்ணீர் கெடாது. மாற்றியதும் விளக்கை அணையுங்கள். இருட்டில்தான் மீனின் பதற்றம் சீக்கிரம் அடங்கும்!