காய்ச்சலுக்கு ஒரு 'செட்' வாங்கும் முன்

"காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க" என்றால், சில மருந்துக்கடைகளில் சின்னக் காகித உறையில் நான்கைந்து மாத்திரைகளை உதிரியாகப் போட்டுத் தருகிறார்கள். பெயரும் இல்லை, ரசீதும் இல்லை. அதில் ஆன்டிபயாடிக் இருந்தால் வைரஸிடம் பலிக்காது. ஸ்டீராய்டு இருந்தால், உடல் தானே நடத்தும் போரைத் தளர்த்திவிடும்.

அந்தப் போர் அபாரமானது. வைரஸ் தொற்றிய செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. லண்டனில் 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்தது இது. பக்கத்துச் செல்களின் மேற்பரப்பில் இதற்கென்றே ஏற்பிகள் உண்டு. இன்டர்ஃபெரான் வந்து ஒட்டியதும் ஏற்பியின் இரு பாகங்களும் நெருங்கும். உட்புறமுள்ள ஜேக்1, டைக்2 நொதிகள் விழித்து, ஸ்டாட் புரதங்களைத் தூண்டும். அவை உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அப்படி உருவாகும் புரதங்களில் சில, வைரஸின் ஆர்.என்.ஏ.வை வெட்ட வழிசெய்யும். சில, வைரஸ் பெருகத் தேவையான புரத உற்பத்தியையே நிறுத்தும். குளிரும் உடல்வலியும் ஓரளவு இதன் விளைவுதான். ஹெபடைடிஸுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இதே தொல்லை வந்தது.

இந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை கோவிட் காட்டியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட 987 பேரை ஆராய்ந்ததில், 101 பேரின் ரத்தத்தில் இன்டர்ஃபெரானை முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' அட்டவணை மருந்து. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் 'எச்1' அட்டவணையில் வருகின்றன. அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். சீட்டில்லாமல் விற்றால் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழி கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரசீதும் மிச்ச மாத்திரையும்தான் சாட்சி, தூக்கிப் போடாதீர்கள்.

டெங்குக் காலத்தில் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால், உறைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் விழுங்குவது இன்னும் ஆபத்து. காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.