கடைமடை அறைக்கும் வைஃபை எட்ட

வீட்டுக்கு ஃபைபர் நெட் கேட்டுப் பணம் கட்டிவிட்டீர்கள். நாளைக் காலை ஆள் வருவதாகப் போன் வந்திருக்கிறது. அவர் ஏணியைச் சாத்தி, சுவரில் துளை போட்டு, பெட்டியை மாட்டி, "வந்துடுச்சு சார், பாருங்க" என்று சொல்லிக் கிளம்ப ஒரு மணி நேரம் போதும். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கூடவே நிற்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வரப்போவது என்ன? தெருக் கம்பத்திலிருந்து மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்று உங்கள் வீட்டுக்கு வரும். அதற்குள் தலைமுடி அளவுக்கு ஒரு கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது, ஒளிதான் ஓடும். அந்த ஒளியை வாங்கி வைஃபையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புவது ரவுட்டர் (வந்த இணையத்தை வீட்டிலுள்ள போன், டிவி எல்லாவற்றுக்கும் பங்கு போடும் பெட்டி). ஊரில் எல்லோரும் இதை மோடம் என்பார்கள். இரண்டும் இப்போது ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டதால் அப்படிச் சொல்வதில் தப்பில்லை.

எங்கள் ஊர் உள்ளடங்கிய ஊர் ஆயிற்றே, கிடைக்குமா? ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போடும் வேலையை மத்திய அரசு 2011-இல் தொடங்கியது. இப்போது அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்துடையது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தால் உங்கள் வீட்டுக்கு வந்ததாகிவிடாது. தெருவுக்குள் இழுப்பது பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரரோ, பி.எஸ்.என்.எல். போன்ற நிறுவனத்தின் ஆளோதான். உங்கள் தெருவில் ஏற்கெனவே யார் வீட்டில் ஓடுகிறது, ரிப்பேர் என்றால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று நாலு வீடு தள்ளி விசாரியுங்கள். விளம்பரத்தைவிட அந்த விசாரிப்புக்கு மதிப்பு அதிகம்.

எந்தத் திட்டம் எடுப்பது? நாலு பேர் உள்ள வீட்டுக்கு 30 அல்லது 40 எம்பிபிஎஸ் (ஒரு நொடியில் வரும் தகவலின் அளவு) தாராளம். போனில் கோப்பு இறங்கும்போது காட்டும் எம்பி வேறு கணக்கு. எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. "நாற்பது என்று சொல்லி ஐந்துதான் வருகிறது" என்று சண்டைக்குப் போகவேண்டாம். விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 399 ரூபாய்த் திட்டம் கையை விட்டுப் போகும்போது 470 ரூபாய் 82 காசு.

இனி முக்கியமான கேள்வி. பெட்டியை எங்கே மாட்டுவது?

வருகிறவர் கேட்கமாட்டார். கேபிள் எங்கே உள்ளே நுழைகிறதோ, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ, அங்கேயே மாட்டுவார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீட்டில் அந்த இடம் ரேழியாக இருக்கும், மீட்டர் பெட்டிக்கு அடியில். எங்கள் அத்தை வீட்டிலும் அதுதான் நடந்தது. திருவையாற்றுப் பக்கம், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளவாக்கில் போகும் வீடு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். ரேழியில் படம் தெளிவாக ஓடும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோவில் கூப்பிடும்போது அத்தை அடுக்களையில் இருப்பார். போனைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினால் பையனின் முகம் வாய் திறந்தபடி நின்றுவிடும். ஆறு மாதம் அத்தை அவனோடு ரேழியில் நின்றுகொண்டேதான் பேசினார். நெட் கொடுத்தவர்களுக்குப் புகார் மேல் புகார். அவர்கள் ஆள் வந்து ரேழியில் நின்று வேகத்தைப் பார்த்துவிட்டு "சரியா இருக்கே" என்று போய்விடுவார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

ஆற்றில் தண்ணீர் முட்ட வருகிறது, கடைமடை வயல் காய்கிறது என்ற கதைதான் இது. டெல்டாக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வைஃபை என்பது ரேடியோ அலை. ஒவ்வொரு சுவரும் அதில் கொஞ்சத்தைக் குடித்துவிடும். பருத்த செங்கல் சுவர் நிறையவே குடிக்கும். இரும்பு பீரோ குடிக்காது, திருப்பி அடித்துவிடும். நெல் மூட்டை அடுக்கிய அறையும் தண்ணீர்த் தொட்டியும் அலைக்கு ஆகாதவை.

அப்படியானால் எது நல்ல இடம்? கூடத்துச் சுவர், முற்றத்தைப் பார்த்தாற்போல், ஆள் உயரத்துக்கு மேல். முற்றம் திறந்தவெளி என்பதால் எதிர்த் தாழ்வாரத்துக்கும் அதை ஒட்டிய அறைகளுக்கும் அலை தடையில்லாமல் போகும். புது மாடி வீடு என்றால் மாடிப்படிக்குப் பக்கம் வையுங்கள், மேலேயும் கொஞ்சம் எட்டும். பீரோவின் தலையில், டிவிக்குப் பின்னால், அழகுக்காக அலமாரிக்குள் பூட்டி வைப்பதெல்லாம் வேண்டாம். அத்தை வீட்டில் கடைசியில் பதினைந்து மீட்டர் கேபிளைக் கூடுதலாக இழுத்துப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அடுக்களைப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

ஆகவே ஆள் வருவதற்கு முந்தின நாளே இடத்தை முடிவு செய்து, அங்கே பிளக் பாயின்ட் இல்லையென்றால் போட்டு வையுங்கள். கூடுதல் கேபிளுக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடலாம்.

கொல்லைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் எட்டுமா? ஒரு பெட்டியால் பெரும்பாலும் எட்டாது. இரண்டாம் கட்டில் இன்னொரு ரவுட்டர் வைத்து, முதல் பெட்டியிலிருந்து லேன் கேபிள் (எட்டுச் செப்புக் கம்பிகள் கொண்ட வயர்) இழுப்பதே உறுதியான வழி. வயர் இல்லாமல் அலையை வாங்கிக் கடத்தும் கருவிகளும் கடையில் கிடைக்கும். மலிவுதான், ஆனால் வேகம் பாதியாகலாம். வயல் மோட்டாரைப் போனில் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் வேறு, அது சிம் கார்டில் ஓடுவது. வீட்டு வைஃபை அதுவரை போகும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

கேபிள் மீந்தால் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுவார்கள். கண்ணாடி இழையை இறுக்கி மடக்கினால் ஒளி வழியில் கசிந்துவிடும். கும்பகோணத்துக் காபி டவராவின் வாயளவுக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டச் சொல்லுங்கள். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கிளம்புமுன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "பவர் எவ்வளவு வருது?" அவர் கையில் மீட்டர் இருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி எண் வந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் மழை நாளில் தொல்லை தரும், இணைப்பை மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த வீடு என்று தெரிந்தாலே வேலை கொஞ்சம் சுத்தமாக நடக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூடவே, உங்கள் இணைப்புக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஏன்? பெட்டியின் பின்புறம் குண்டூசி போகும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். நெட் நின்றவுடன் வீட்டுப் பிள்ளைகள் அதைக் குத்திப் பார்ப்பார்கள். பத்து நொடி அழுத்தினால் பெட்டியிலுள்ள அமைப்பு முழுக்க அழிந்து, கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குப் போய்விடும். அந்த விவரம் உங்களிடம் இல்லையென்றால் மறுபடி ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான். நெட் நின்றால் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், துளையைத் தொடவேண்டாம்.

பாஸ்வேர்டு எப்படி வைப்பது? பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு, பலர் ஒன்றைத்தான் மாற்றுகிறார்கள். முதலாவது வைஃபையில் சேரப் போடுவது. இரண்டாவது பெட்டிக்குள் நுழைந்து அமைப்பை மாற்றப் போடுவது. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போல ஓர் எண் இருக்கும். வைஃபையில் சேர்ந்தபின் போனில் குரோமைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பெட்டியின் பக்கம் வரும். "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வரலாம். பார்ப்பது உங்கள் வீட்டுப் பெட்டியைத்தான், பயம் வேண்டாம். சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், முதல் வேலையாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒரே மாதிரிப் பெட்டிகள் பலவற்றுக்கு அது ஒன்றாகவே இருப்பதுண்டு.

வைஃபை கடவுச்சொல்லுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் நல்லது. செல்போன் எண் வேண்டாம், அது ஊருக்கே தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதுங்கள். மாப்பிள்ளைச் சம்பா, குடை, தவில் என்பது போல. நடுவில் ஒரு எண். இதையே வைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு முறை எது என்று கேட்டால் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கக் கேட்கிறதே, கொடுக்கலாமா? பல பெட்டிகளில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று உண்டு, அதைக் கொடுக்கலாம். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து போடுவதுதான் ஆபத்து. 2008 ஜூலை 26-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப்போன காவல்துறை, நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் வாசலில் போய் நின்றது. அனுப்பியவர் வேறு யாரோ, பயன்பட்டது அந்த வீட்டு வைஃபை. உங்கள் பெயரில் உள்ள இணைப்பில் எது போனாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு.

போனில் இரண்டு வைஃபை பெயர் தெரிகிறதே, எதில் சேருவது? ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ் (அலை நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை அதிர்கிறது என்ற அளவு). 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 நிதானமானது, சுவர் தாண்டும். கூடத்து டிவிக்கு 5. அடுக்களைக்கும் கொல்லைப் பக்கத்துக்கும் 2.4. வாசல் கேமரா போன்ற சின்னக் கருவிகளில் பல 2.4-இல் மட்டும்தான் சேரும்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், ரேடியோவுக்கே லைசென்ஸ் கட்டிய தலைமுறை அவர். 2.4-க்கு மத்திய அரசு 2005-இலேயே உரிமத் தேவையை நீக்கிவிட்டது.

எல்லாம் மாட்டியபின் வேகத்தைச் சோதியுங்கள், ஆள் இருக்கும்போதே. பெட்டியிலிருந்து பத்தடியில் நின்று ஒரு முறை, அடுக்களையில் ஒரு முறை, கடைசி அறையில் ஒரு முறை. பெட்டியருகிலேயே குறைந்தால் கோளாறு அவர்கள் பக்கம். பெட்டியருகில் சரியாக இருந்து உள்ளே குறைந்தால் உங்கள் சுவர், உங்கள் இடம். புகார் சொல்லும்போது டாக்கெட் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது இருந்தால்தான் தீராத புகாரை அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கொண்டுபோக முடியும்.

கரண்ட் போனால்? பெட்டியும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் இருக்கும் லைனில் போடுங்கள். இல்லையென்றால் இதற்கென்றே உள்ளங்கை அளவில் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12 இருக்கும். அதே வோல்ட் வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, பிளக் வழியாக வரும். மாடிக்கு லேன் கேபிள் இழுத்திருந்தால் அதையும் கழற்றவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கமெல்லாம் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கம்பம் சாய்ந்தால் அதில் தொங்கும் கேபிளும் போகும். மழைக்காலத்தில் ஒரு சிம்மிலாவது டேட்டா போட்டு வைப்பது நல்லது.

பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று பொருள். அதற்குப் பெட்டியை என்ன செய்தும் பயனில்லை. நெல் சேமிக்கும் வீட்டில் முதலில் எலியைச் சந்தேகியுங்கள், பரணில் போகும் கேபிளைப் பாருங்கள். தை மாதம் என்றால் தெருவுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிய வண்டி கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து கிடந்த கேபிளை மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும். அறுந்த இடம் தெரிந்தால் போனில் அதைச் சொல்லுங்கள், எந்தக் கம்பம் என்பதையும் சேர்த்து. வருகிறவர் அதற்கேற்ற நீளத்துக்குக் கேபிளையும் ஒட்டும் மெஷினையும் கையோடு கொண்டுவருவார்.