வெள்ளி ரூபாயில் அரிய ஆண்டுகள்

பாட்டியர் பேணிவைத்த வெள்ளி ரூபாய்கள் இன்றும் நம் இல்லங்கள் சிலவற்றில் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவற்றை எடைபோட்டு உருக்கக் கொடுக்குமுன் அவற்றிலுள்ள ஆண்டைப் படித்தல் வேண்டும். நாணயத்தின் அருமை அதன் முதுமையால் அமைவதன்று. உலைக்குத் தப்பி எஞ்சியவை எத்தனை என்பதால் அமைவது. 1862 எனப் பொறித்த விக்டோரியா ரூபாய் மிகப் பழையதே. ஆயினும் 1874 வரை அதே ஆண்டெண்ணுடன் அச்சிடப்பட்டமையால் அது இன்றும் எளிதிற் கிடைக்கின்றது. அதனினும் இளைய ஜார்ஜ் மன்னர்களின் ரூபாய்களிலோ அரியன இரண்டு உள. அவற்றை இங்குக் காண்போம்.

முதலாவது, 1911ஆம் ஆண்டின் ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறிக்கப்பட்ட யானை, காண்போர் கண்ணுக்குப் பன்றிபோல் தோன்றியது. பன்றி முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாதலின் எதிர்ப்பு எழுந்தது. அரசு அந்நாணயத்தைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கியது. 1912 முதல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. எனவே பழைய உருவம் அந்த ஓராண்டு ரூபாய்க்கே உரியதாயிற்று.

இரண்டாவது, அதனினும் அரிதாகிய 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அதுவரை ரூபாயில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபின், 1940இல் அது 50 பங்காகக் குறைக்கப்பட்டது. முழு வெள்ளி நாணயங்களை அரசு படிப்படியாகத் திரும்பப் பெற்றது. 1938ஆம் ஆண்டின் ரூபாய் இன்றும் பரவலாகக் கிடைக்க, 1939ஆம் ஆண்டினது மிகச் சிலவே எஞ்சின.

அரியது எதுவோ, அதற்குப் போலியும் உண்டு. 1938இன் இறுதி எட்டினைச் செதுக்கி ஒன்பதாக்குதல் ஒரு முறை. இங்கே எடை நமக்குத் துணைசெய்யாது, இரண்டும் 11.66 கிராமே. நீரில் அமிழ்த்தி ஒப்படர்த்தி காண்பதும் பயன் தராது. 10.3 அளவில் அது வருமாயின், உலோகம் நல்ல வெள்ளி என்பது மட்டுமே உறுதியாகும். ஆண்டு மெய்யென்பது உறுதியாகாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் இறுதி எண்ணை நோக்குதலே வழி. 1939 என்பதில் ஒன்பது இருமுறை வருகின்றது. அவ்விரண்டன் வளைவையும் உயரத்தையும் ஒப்பிடுக. இறுதி எண்ணைச் சூழ்ந்த தளத்தில் கீறலோ, பள்ளமோ, ஒட்டிய தடமோ உண்டா எனக் காண்க. விளிம்பையும் மறவாது நோக்குக. 1940 முதல் வந்த அரைவெள்ளி ரூபாய்களில் விளிம்பின் நடுவே பாதுகாப்புக்கான பள்ளவரி ஓடும். 1939ஆம் ஆண்டின் முழு வெள்ளி ரூபாயில் நேர்கோட்டு வரிகளே அமையும்.

ஐயம் எழுமாயின் நாணயவியல் அறிந்தார் ஒருவரிடம் காட்டித் தெளிதல் நன்று. அதுவரை நாணயத்தைப் புளியிட்டோ சாம்பலிட்டோ துலக்குதல் கூடாது. துலக்கினால் பளபளப்பு வரும், சான்று தேய்ந்துவிடும். மாணவர் தம் இல்லத்துப் பெரியோரிடம் இதனை எடுத்துரைப்பாராயின், உலைக்குப் போகவிருந்த ஒரு வரலாற்றுச் சான்றேனும் காக்கப்படும்.