ஐந்து முறை ஆராய்ந்த ஊர்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது செய்திகளில் அடிபட்ட விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டை ஞாபகமிருக்கும். கிராமப் பொருளாதாரத்தை ஆராய்கிறவர்களுக்கு அந்தப் பெயர் நூறு வருடப் பழக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்தியாவைப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை என்று நினைத்தவர், மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு என்று அவர்கள் விசாரித்து எழுதியவை 1918-ல் நூலாக வந்தன. அதில் இருவேல்பட்டு உண்டு. தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரமும் உண்டு.

அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு பழைய புத்தகம், அவ்வளவுதான். ஆனால் 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல். எண்பதுகளில், தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்த எஸ்.குகன், அடையாறில் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் மறுபடி அளந்தார். கோப்பில் கையெழுத்திட்டுப் பழகியவர் கிராமத் தெருவுக்கு வந்தது நம் நிர்வாக வரலாற்றில் அரிது. 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். ஜெயரஞ்சன் பிற்பாடு மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார்.

1916-ல் ஸ்லேட்டரின் மாணவர்கள் இருவேல்பட்டில் பார்த்தது, கடனால் நிலக்காரர் வீட்டோடு கட்டுண்ட படியாட்களை. 2008-ல் நிலக்காரர்களின் பிடி தளர்ந்திருந்தது. விவசாயத்தை நம்பிய பிழைப்பு குறைந்தது. தலித் மக்கள் பொருளாதாரத்திலும் அரசியலிலும் தம் காலில் நின்றார்கள். வறுமையும் குறைந்திருந்தது, அதில் அரசு நலத்திட்டங்களுக்கும் பங்குண்டு. சங்கடமான பாதியும் இருக்கிறது: வயலை விட்டு வெளியே வந்தவர்களுக்கு நிலையான, நல்ல சம்பள வேலை கிடைத்துவிடவில்லை. இதை மாநிலச் சராசரி ஒருபோதும் சொல்லாது. ஒரே தெருவுக்குத் தலைமுறைக்கொரு முறை போனால்தான் தெரியும்.

இப்படிச் சேர்ந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் குறை. ஆங்கிலத்தில், நூலகங்களில், ஆய்விதழ்களில். கேரளத்தில் வேறு வழி பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில் ஊர்க்காரர்களே நிலம், நீர், வளங்களை வரைபடமாக்கினார்கள். 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் வந்தபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போனது. பணத்தைச் செலவிடும்முன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் வளர்ச்சி அறிக்கையைத் தானே எழுத வேண்டியிருந்தது. எல்லா அறிக்கையும் உருப்படியாக இருந்திருக்காது. இருந்தாலும் எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஸ்லேட்டர் நூலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது, பதிப்புரிமைத் தொல்லை அநேகமாக இருக்காது. அந்தந்த ஊர் அத்தியாயத்தை மட்டும் தமிழில் பெயர்த்து, பிந்தைய ஆய்வுகளின் சுருக்கத்தையும் சேர்த்தால் ஒரு சிறு கையேடுதான் ஆகும். அக்டோபர் 2 கிராம சபையில் பஞ்சாயத்துத் திட்டம் பேசப்படும்போது வரவு செலவுக் கணக்கோடு அதையும் மேஜையில் வைக்கலாம்.