பாய்மரப் படகில் ஒரு குடித்தனம்

ஆசியாவின் படமொன்றை விரித்து, நீலகிரியில் கோத்தகிரியின் மேல் விரலை வையுங்கள். விரலை நேர்க்கிழக்கே நகர்த்துங்கள். மலையிலிருந்து இறங்கி, சமவெளியைக் கடந்து, சிதம்பரத்தின் அருகே விரல் வங்கக் கடலைத் தொடும். நிறுத்தாமல் இன்னும் கிழக்கே போங்கள். வெகுதூரம் நீலநிறம்தான். பிறகு அந்தமான் தீவுகள் வரும். அங்குள்ள போர்ட் பிளேரின் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அட்சரேகை 11 டிகிரி 40 நிமிடம். கோத்தகிரியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி 25 நிமிடம். ஒன்று குளிர்ந்த மலையூர், மற்றொன்று வெப்பத் தீவு. ஆயினும் பூகோளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசையில் உள்ளன!

இத்தகைய வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சிறு பாய்மரப் படகில், இருவர் மட்டுமே பயணம் செய்ய முடியுமா? முடியும். கணவனும் மனைவியுமாகப் படகையே வீடாக்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் தீவு தீவாக வாழ்பவர்கள் உலகில் உண்டு. நம் நாட்டிலும் இருவர் இணைந்து இதைவிடக் கடினமான பயணத்தை முடித்திருக்கிறார்கள். அவர்கள் கடற்படை அதிகாரிகளான லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும். தில்னா கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். அவர்களுடைய படகின் பெயர் ‘தாரிணி’. கோவாவில் கட்டப்பட்ட அதன் நீளம் 17 மீட்டர்தான்.

முதலில் பயிற்சியாக, இருவரும் கோவாவிலிருந்து போர்ட் பிளேருக்குப் போய்த் திரும்பினார்கள். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிக்குப் போய்வந்தார்கள். பிறகு 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகையே சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். கடந்த தூரம் சுமார் 25,400 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர். படகைச் செலுத்தியது காற்று.

கடலில் கடை இல்லை, குழாய் இல்லை, மருத்துவமனை இல்லை. இரண்டு பேர் உயிரோடு கரைசேர வேண்டுமானால் காற்று, தண்ணீர், உணவு, உறக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குகளைப் பார்ப்போமா?

காற்றை எதிர்த்துப் போவது எப்படி?

பின்னாலிருந்து காற்று வீசினால் பாய் படகைத் தள்ளிச் செல்லும். இது எளிதில் விளங்கும். ஆனால் போகவேண்டிய திசையிலிருந்தே காற்று வீசினால்?

நனைந்த தர்ப்பூசணி விதையொன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். நீங்கள் பக்கவாட்டில் அழுத்துகிறீர்கள். விதையோ முன்னால் பாய்கிறது. படகிலும் இதுதான் நடக்கிறது. பாயின் வளைவில் காற்று திரும்பிச் செல்லும்போது, படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. படகின் வயிற்றுக்குக் கீழே கனமான பலகை ஒன்று கத்திபோல் நீரில் இறங்கியிருக்கும். கடலோடிகள் இதை ஏரா என்பார்கள். அது பக்கவாட்டில் நகரவிடாமல் நீரைப் பிடித்துக்கொள்கிறது. காற்று ஒரு விரல், நீர் மற்றொரு விரல். நடுவில் அகப்பட்ட படகு முன்னால் நழுவுகிறது.

இருந்தாலும் காற்றின் முகத்துக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் போகாது. சுமார் 45 டிகிரி விலகித்தான் போகமுடியும். ஆகவே சிறிது தூரம் இடப்பக்கம், பிறகு சிறிது தூரம் வலப்பக்கம் என்று மாறிமாறிச் செலுத்துவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக ஏற முடியாததால் அது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறுகிறது அல்லவா? படகும் அப்படியே காற்றின் ‘மலை’யில் ஏறுகிறது. இதற்கு விலையும் உண்டு. 45 டிகிரிக் கோணத்தில் போனால், 100 கிலோமீட்டர் முன்னேற 141 கிலோமீட்டர் ஓடவேண்டும். இந்த 141 எங்கிருந்து வந்தது என்று பிதகோரஸ் தேற்றத்தைக் கேளுங்கள்.

காற்றுக்கும் கால அட்டவணை உண்டு

எதிர்காற்றில் போராடுவதைவிட, ஏற்ற காற்று வரும் மாதத்தில் புறப்படுவதே புத்திசாலித்தனம். பூமத்தியரேகைப் பகுதியில் சூடான காற்று மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று வருகிறது. பூமி சுழல்வதால் அது வட அரைக்கோளத்தில் வலப்புறமும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமும் விலகுகிறது. எனவே வடக்கே வடகிழக்குக் காற்றும், தெற்கே தென்கிழக்குக் காற்றும் வீசுகின்றன. இவையே வியாபாரக் காற்றுகள். இரண்டும் சந்திக்கும் இடம் அமைதி மண்டலம். இங்கே பாய் துவண்டு தொங்கும். திடீரென்று சூறையும் மழையும் வரும். மீண்டும் அமைதி.

நம் பக்கத்தில் ஆசியா என்னும் பெருநிலம் இந்த ஒழுங்கை மாற்றிவிடுகிறது. கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுவதால் காற்று தென்மேற்கிலிருந்து பாய்கிறது. குளிர்காலத்தில் திரும்பவும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கோத்தகிரி வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா பெருமழையை மறித்துக்கொள்கிறது. அதன் கிழக்கே உள்ள கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம் முக்கியமானது.

உங்கள் ஊர்த் தேயிலையை நனைக்கும் அதே பருவத்தில்தான் வங்கக் கடலில் கடும் புயல்கள் உருவாகின்றன. மலையில் மழைக் காலம், கடலில் எச்சரிக்கைக் காலம். தென் பசிபிக் தீவுகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அங்கே படகில் வாழும் தம்பதியர் அந்த மாதங்களில் நியூசிலாந்து போன்ற இடங்களுக்கு விலகிவிடுவது வழக்கம். பூமத்தியரேகைக்கு 5 டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழலவைக்கும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே மிகவும் குறைவு.

சுற்றிலும் நீர், குடிக்க?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 20 கிராம் உப்பைத்தான் வெளியேற்றும். அப்படியானால் ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவர், அதிலுள்ள உப்பைக் கழிக்க ஒன்றேமுக்கால் லிட்டர் நீரை இழக்கவேண்டும். மீதி முக்கால் லிட்டர் எங்கிருந்து வரும்? உடம்பிலிருந்துதான். குடிக்கக் குடிக்கத் தாகம் பெருகி, இறுதியில் உயிரே போகும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்றால் இருவருக்கு 30 நாளைக்கு 180 லிட்டர். அதன் எடை 180 கிலோ. குளிக்கவும் துணி துவைக்கவும் இதில் ஒரு சொட்டும் இல்லை. அதனால்தான் மழை வந்தால் பாயில் விழும் நீரை வாளியில் பிடிக்கிறார்கள். இக்காலப் படகுகளில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் கடல்நீரை நன்னீராக்கும் கருவியும் உண்டு. நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கத்தில் கடல்நீரை 50 முதல் 60 வளிமண்டல அழுத்தத்தில் தள்ளினால், நீர் மறுபக்கம் போகும், உப்பு பின்தங்கும். அரைக் கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கடல் தரும் அழுத்தம் அது! இதற்கு மின்சாரம் வேண்டும். ஆகவே தண்ணீர்க் கணக்குடன் மின்கலக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

சமையலும் உடல்நலமும்

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரி. அந்த வகையில் படகுச் சமையலுக்கு வசதி அதிகம். ஆனால் அடுப்பு ஆடுமே! அதற்காக அடுப்பை ஊஞ்சல்போல் அச்சில் தொங்கவிடுகிறார்கள். படகு சாய்ந்தாலும் பாத்திரம் சமமாக நிற்கும்.

காய்கறி தீர்ந்துபோனால் வைட்டமின் சி கிடைக்காது. பழங்காலத்தில் இந்தக் குறையால் வந்த ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஆரஞ்சும் எலுமிச்சையும் அதைக் குணப்படுத்துவதைச் சோதித்துக் காட்டினார். எலுமிச்சையும் இல்லாவிட்டால்? பச்சைப் பயறை ஈரத்துணியில் முளைகட்டினால் போதும். உலர்ந்த பயறில் மிகக் குறைவாக உள்ள வைட்டமின் சி, முளைவிடும்போது கூடுகிறது.

எல்லா நோய்க்கும் முளைப்பயறு மருந்தாகுமா? 1934இல் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கரும் அவருடைய மனைவி ஃபுளோரன்ஸும் ‘ஸ்வாப்’ என்னும் சிறு பாய்ப்படகில் கலாபகஸ் தீவுகளில் இருந்தார்கள். அங்கே ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. பனாமாவிலிருந்து விமானத்தில் மருத்துவ உதவி வந்து சேர்ந்ததால்தான் உயிர் பிழைத்தார். தீவு வாழ்க்கை படத்தில் தெரிவதுபோல் எப்போதும் இனிமையானதல்ல. ஆனாலும் அவருக்குக் கடல் ஆசை குறையவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அக்கப்பலை ஓட்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தார்கள்.

தூங்குவது யார்?

படகுக்கு இரவில் நிறுத்துமிடம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் தரையை எட்டாது. எனவே ஒருவர் தூங்க, மற்றவர் விழித்திருப்பார். மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். சுக்கானைத் தானியங்கிக் கருவி பிடித்துக்கொண்டாலும் காவல் ஏன் தேவை?

அடிவானத்தின் தூரம் கண்டுபிடிக்க எளிய வழியுண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். படகில் நிற்பவரின் கண் நீருக்கு மேல் 2.25 மீட்டர் என்றால், அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரே வரும் சரக்குக் கப்பலின் விளக்கு 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 18 கிலோமீட்டர். கூட்டினால் 23 கிலோமீட்டரில் விளக்கு கண்ணுக்குத் தெரியும். கப்பலின் வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர், படகின் வேகம் 11. நேருக்கு நேர் வந்தால் அரை மணிக்குள் மோதல்! மழையோ மூடுபனியோ இருந்தால் அவகாசம் இன்னும் குறையும். ஒருவருடைய தூக்கம் மற்றவருடைய விழிப்பை நம்பியே இருக்கிறது.

நாம் எங்கே இருக்கிறோம்?

இன்று செயற்கைக் கோள்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. ஆனால் கருவி பழுதானால்? வானமும் கடிகாரமும் கைகொடுக்கும். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் உள்ளதோ, ஏறக்குறைய அதுவே அந்த இடத்தின் அட்சரேகை. கோத்தகிரியிலும் போர்ட் பிளேரிலும் அது சுமார் பதினொன்றரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும்.

தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். பூமி 4 நிமிடத்தில் 1 டிகிரி சுழல்கிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை ஒப்பிட்டால், கிழக்கு மேற்குத் தூரம் தெரிந்துவிடும். கடிகாரம் 4 விநாடி தவறினால், பூமத்தியரேகையருகே ஒரு கடல் மைல் தவறிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் நம்பத்தக்க கப்பல் கடிகாரத்தைச் செய்யும்வரை, எத்தனையோ கப்பல்கள் பாறையில் மோதி அழிந்தன.

நீங்களும் செய்து பாருங்கள்

டிசம்பர் 25 விடுமுறை நாளில், சமதரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். பகல் 12 மணியிலிருந்து 12.45 வரை, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். கோத்தகிரியில் நிழல் மிகக் குறுகும் நேரம் சுமார் 12 மணி 22 நிமிடம். நீளம் சுமார் 70 சென்டிமீட்டர். உங்கள் ஊர் வேறென்றால் விடையும் வேறாகும்.

அதே நாளில் போர்ட் பிளேரில் ஒரு மாணவி இதே சோதனையைச் செய்தால், அவளுக்கும் நிழல் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்தான். ஆனால் நேரம் 11 மணி 19 நிமிடம். வித்தியாசம் 63 நிமிடம். 4 நிமிடத்துக்கு 1 டிகிரி, இந்த அட்சரேகையில் 1 டிகிரிக்குச் சுமார் 109 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம்? கணக்கிட்டுப் பாருங்கள். நடுக்கடலில் இருவர் தங்கள் படகு இருக்குமிடத்தைக் கண்டுகொள்ளும் கணக்கும் இதுவேதான்.